படித்தவன் சம்பாத்தியம் யாருக்குச் சொந்தம்?

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, "வக்கீல் சார், கோர்ட் விவகாரம் வேண்டாம். பழைய சரித்திரம் ஏதாவது எழுதுங்க" என்று நிபந்தனை போட்டார்கள். எழுதப்போவது சரித்திரம்தான். ஆனால் கோர்ட்டைச் சுற்றிக்கொண்டு போக வழி தெரியவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் 1974 செட்டின் பொன்விழாச் சந்திப்பு நடந்தது. பி.யூ.சி.யோடு மெடிக்கலுக்கும் இன்ஜினீயரிங்குக்கும் போனவர்கள்கூட வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, பழைய ஹாஸ்டல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒரு சர்ஜன், ஒரு ஆடிட்டர், அமெரிக்காவில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், நான், இன்னும் நாலைந்து பேர். பேச்சு வாழ்க்கைக் கணக்குக்கு வந்தது. "எங்கப்பா எனக்குக் காலணா வைக்கலை. எல்லாம் நானா சம்பாதிச்சது" என்றார் சர்ஜன். ஆளாளுக்கு அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். வராத ஒரு நண்பரைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்பாவின் ரைஸ் மில்லை எடுத்து நடத்துகிறவர். "அவனுக்கென்னப்பா, அப்பன் சொத்து" என்றார் ஆடிட்டர். சொன்ன தொனியில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. யாரும் மறுக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து, 2024 தேர்தல் சமயத்தில் எழுந்த வாரிசு வரிப் பேச்சு கிளம்பியது. அதே ஆட்கள் கொதித்துப் போனார்கள். "நாம சம்பாதிச்சு நம்ம பிள்ளைக்குக் கொடுக்கிறோம். நடுவுல வரி போட இவங்க யாரு?" அப்பன் கொடுத்தால் இளக்காரம், அப்பனாக நாம் கொடுத்தால் உரிமை! நான் வாயைத் திறக்கவில்லை. 'நானா சம்பாதிச்சது' என்ற அந்த முதல் வார்த்தையிலேயே என் மனது மாட்டிக்கொண்டுவிட்டது. அந்த வார்த்தையைச் சட்டப்படி சொல்லும் உரிமை நம்மைப் போன்ற படித்தவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. அறுபது எழுபது வருடம் வழக்காடி வாங்கியது.

நம் இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டத்தின் ஆதாரம் மிதாட்சரம். சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் கல்யாணியில் இருந்த விஞ்ஞானேசுவரர், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரை அது. அதன்படி குடும்பச் சொத்தில் பிள்ளைக்குப் பிறக்கும்போதே பாத்தியதை உண்டு. அதே சமயம் ஒருவன் குடும்பச் சொத்துக்குச் சேதமில்லாமல் தானாகத் தேடியது அவனுக்கே உரியது. 'வித்யாதனம்', அதாவது கல்வியால் வந்த பொருள், இந்தச் சுயார்ஜித வகையில் சேரும். ஆனால் குடும்பச் சோற்றைத் தின்று, குடும்பக் காசில் படித்திருந்தால்? அங்கேதான் முடிச்சு.

ஓலைச்சுவடிக் காலத்தில் இந்த முடிச்சு பெரிய தொந்தரவு கொடுக்கவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, 1862இல் ஐகோர்ட் வந்தது. ஒரு பையனைப் பட்டணத்துக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்கவைத்தால், அவன் வக்கீலாகவோ முன்சீப்பாகவோ ஆகி, ஊரிலிருக்கும் நிலம் பல வருஷம் கொடுக்காததை ஒரே வருஷத்தில் கொண்டுவருவான் என்ற நிலைமை உண்டாயிற்று. எல்லாப் பிள்ளைகளையும் அனுப்ப எந்தக் குடும்பத்துக்கும் சக்தியில்லை. ஒருவன் போனான், மற்றவர்கள் ஏர் பிடித்தார்கள். ஆகவே பாகம் பிரிக்கும் நாள் வந்தபோது, "இவன் சம்பாத்தியத்திலும் எங்களுக்குப் பங்கு உண்டு" என்று அண்ணன் தம்பிகள் கேட்டார்கள். அன்றைக்கு அதை யாரும் பேராசை என்று நினைக்கவில்லை. போட்ட விதைக்கு விளைச்சல் கேட்பதுபோல் கேட்டார்கள்.

சென்னை ஐகோர்ட்டுக்கு இந்த வகையில் முதலில் வந்தவற்றுள் ஒன்று, 1860களில் ஒரு நாட்டியக்காரியின் சம்பாத்தியத்தைப் பற்றியது. அதற்குச் சில வருடம் பின்னால், 1870களின் தொடக்கத்தில், ஒரு வக்கீலின் சம்பாத்தியம் வந்தது. நாட்டியமானாலும் சட்டமானாலும் கேள்வி ஒன்றுதான்: வித்தையைக் கற்றுக்கொடுக்கச் செலவழித்தது யார்? குடும்பச் செலவில் கற்ற வித்தையின் பலன் குடும்பத்துக்கே என்று சென்னை ஐகோர்ட் சொல்லிற்று. பிறகு நீதிபதிகள் கொஞ்சம் இளகினார்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த சாதாரணக் கல்விக்குப் பங்கு கேட்க முடியாது, தொழிலுக்கென்றே கொடுத்த விசேஷப் படிப்பாக இருந்தால் கேட்கலாம் என்று பிரித்தார்கள். இது வழக்கைக் குறைக்கவில்லை. எது சாதாரணம், எது விசேஷம் என்று புது வழக்கு கிளம்பியது. வக்கீல்களுக்குப் பிழைப்புதான்!

அந்தப் பிழைப்பிலேயே உச்சத்தில் இருந்தவர் வி. பாஷ்யம் ஐயங்கார். பின்னாளில் ஐகோர்ட் நீதிபதியாகவும் இருந்தார். 1891இல் சென்னைச் சட்டசபையில் அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். படிப்புச் செலவு யாருடையதானாலும், படிப்பால் வந்த சம்பாத்தியம் படித்தவனுக்கே சொந்தம் என்பது அதன் சாரம். சம்பாதிக்கிறவன் உழைப்பில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் பங்கு போடுவதா என்பது ஆதரித்தவர்களின் கட்சி. கூட்டுக் குடும்பமே உடைந்துபோகும், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் தங்களுக்காகத் தாங்களே சட்டம் செய்துகொள்கிறார்கள் என்பது எதிர்த்தவர்களின் கட்சி. என்னைக் கேட்டால் இரண்டாவது கட்சி ஒன்றும் பொய் சொல்லவில்லை. பல வருடம் இழுத்து மசோதா சபையில் நிறைவேறியது. ஆனால் கவர்னர் ஆர்தர் ஹாவ்லாக் சம்மதம் கொடுக்க மறுத்துவிட்டார். அத்தோடு அது செத்தது.

மறுபடி உயிர் கொடுத்தது ஒரு ஐ.சி.எஸ். அதிகாரியின் வழக்கு. பஞ்சாபைச் சேர்ந்தவர். குடும்பப் பணத்தில் இங்கிலாந்து போய்ப் படித்துத் தேறியவர். அவருடைய சம்பாத்தியமும் கூட்டுக் குடும்பச் சொத்தே என்று 1921இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஐ.சி.எஸ்.காரனுக்கே இந்தக் கதியென்றால் மற்றவன் எம்மாத்திரம்? தேசத்தில் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் உதறல் எடுத்தது. பம்பாய் பாரிஸ்டர் எம்.ஆர். ஜெயகர் மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1930ஆம் வருஷத்து 30ஆவது சட்டமாக, இந்து கல்விச் சம்பாத்தியச் சட்டம் நிறைவேறியது. சிறிய சட்டம். ஆனால் ஓட்டை ஒன்றுகூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஆரம்பக் கல்வியோ தொழில்கல்வியோ, சாதாரணப் பலனோ அசாதாரணப் பலனோ, சட்டம் வருவதற்கு முன் சம்பாதித்ததோ பின் சம்பாதித்ததோ, எல்லாம் படித்தவனுக்கே. படிக்கும் காலத்தில் அவனையும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளையும் குடும்பம் வைத்துக் காப்பாற்றியிருந்தாலும் சரி, அந்த ஒரு காரணத்துக்காக அதைக் குடும்பச் சொத்து என்று சொல்ல முடியாது.

இளம் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் படித்தவனின் சம்பளத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தது. குடும்ப நிலத்தில் அவனுக்கு இருந்த பங்கை எடுக்கவில்லை. ஏர் பிடித்த அண்ணனுக்குத் தம்பியின் சம்பளத்தில் பாத்தியதை இல்லை. தம்பிக்கு அண்ணன் உழுத நிலத்தில் சரிபாதி உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருமான வரிச் சட்டத்தில் இந்துக் கூட்டுக் குடும்பம் ஒரு தனி ஆசாமி. அதற்குத் தனி ஃபைல் உண்டு. சுயார்ஜிதம், சுயார்ஜிதம் என்று சண்டை போட்டு வாங்கிய அதே டாக்டர்களும் வக்கீல்களும், "என் சொந்தச் சொத்தை இன்று முதல் குடும்பப் பொதுச் சொத்தோடு கலந்துவிட்டேன்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். வருமானம் இரண்டு ஃபைலாகப் பிரிந்தால் வரி குறையுமே! மார்ச் மாதம் வந்தால் கூட்டுக் குடும்பத்தின் மேல் அப்படி ஒரு பாசம். 1969 டிசம்பர் 31க்குப் பிறகு இப்படிக் கலக்கும் சொத்தின் வருமானம் கலந்தவன் கணக்கிலேயே சேரும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். பாசமும் குறைந்தது. 1953இல் வந்த எஸ்டேட் டூட்டி 1985இலும், சொத்து வரி 2015இலும் போய்விட்டன. வாரிசு வரி என்று இன்றைக்கு இந்தியாவில் எதுவும் இல்லை. வேப்பமரத்தடியில் இல்லாத வரிக்குத்தான் அவ்வளவு கோபம்.

சரி, ஊர்க்கதை போதும். மரத்தடியில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆறு ஏக்கர் நஞ்சை. அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று அப்பாவோடு வயலில் இறங்கினார். நான் நம் கல்லூரியில் மூன்று வருடம், சென்னை சட்டக் கல்லூரியில் மூன்று வருடம். மாதம் பிறந்தால் அண்ணன் கையெழுத்தில் மணியார்டர் வரும். ஒரு ஏக்கரை அடமானம் வைத்ததும், அண்ணி கழுத்துச் சங்கிலி போனதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்.

அப்பா 1982இல் காலமானார். 1986இல் பாகப்பிரிவினை. பத்திரம் எழுதியது நான்தான். வீட்டிலேயே வக்கீல் இருக்கும்போது வெளியே எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றார் அண்ணன். அண்ணனுக்கு மூன்று ஏக்கர், எனக்கு மூன்று ஏக்கர். தங்கை, "எனக்குச் சீர் செஞ்சாச்சே அண்ணே" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். (பெண்ணுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அதுவும் அதற்கு முன் கல்யாணமானவளுக்கு இல்லை. அந்தக் குறை தீர 2005 வரை ஆயிற்று.) அந்தப் பத்திரத்தில் நான் ஒரு பாரா சேர்த்திருந்தேன். இரண்டாவது பார்ட்டி தன் கல்வியாலும் சுய உழைப்பாலும் சம்பாதித்துள்ள சொத்துகள் இந்தப் பாகப்பிரிவினைக்குக் கட்டுப்பட்டவையல்ல என்று. அப்போது நான் டவுனில் ஒரு வீடு வாங்கியிருந்தேன்.

அண்ணன் அந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்னடா?" என்றார்.

"சட்டம் அண்ணே. 1930லேயே வந்தது."

"சட்டம்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார். 1994இல் என் மூன்று ஏக்கரையும் வெளியாளுக்கு விற்றேன். அண்ணனால் அந்த விலை கொடுக்க முடியவில்லை.

மரத்தடிப் பேச்சுக்குப் பிறகு மனசு கேட்கவில்லை. போன தை மாதம் மனைவியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயது. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது கேட்டேன்: "என் படிப்புக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சுண்ணே?"

அண்ணன் எழுந்து உள்ளே போய், தகரப் பெட்டியைக் குடைந்து ஒரு நீளக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், மணியார்டர், கறுப்புக் கோட்டு, கவுன் எல்லாம் தேதி வாரியாக இருந்தன. கடைசியில் கூட்டல்: 6,412 ரூபாய்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "இதை ஏண்ணே எழுதி வெச்சீங்க? அன்னைக்கே காட்டியிருக்கலாமே" என்றேன்.

"உங்கிட்ட கேட்கவா எழுதினோம்? பொண்ணு வீட்டுக்காரங்ககிட்டச் சொல்றதுக்கு அப்பா எழுதச் சொன்னாரு. 1980ல உன் கல்யாணத்துல வந்த பணத்துலதான் அடமானத்தை மீட்டோம். அண்ணி சங்கிலியும் அப்பத்தான் வந்துச்சு. உன் படிப்புக் கடன் அன்னைக்கே தீந்து போச்சுடா."

வரதட்சிணை தடைச் சட்டம் 1961இல் வந்தது. 1980இல் நான் மூன்று வருட அனுபவமுள்ள வக்கீல்.

மனைவி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்:

"எங்கப்பா பத்தாயிரம் கொடுத்தாரு மாமா. இதுல ஆறாயிரத்து நானூத்திப் பன்னிரண்டுதானே இருக்கு. மீதி எந்தக் கணக்குல போச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.