நடுவிலிருந்த சுக்கான்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் இன்றும் உறுமிக்கொண்டு ஏறும் பழைய லேண்ட்ரோவர் வண்டிகளில் சுக்கான் வலப்புறம் அமைந்திருக்கக் காணலாம். சாலையின் இடப்புறம் செல்வது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வழக்கமாதலின் இதில் வியப்பில்லை. ஆயின் இவ்வண்டியின் பிறப்போ இடப்புறச் சுக்கானிலிருந்து தொடங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ரோவர் நிறுவனப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்சைச் சார்ந்த ஆங்கில்சித் தீவிலிருந்த தம் பண்ணையில் அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு மாற்றாக 1947இல் எழுந்த முதல் மாதிரி வண்டிக்கு ஜீப்பின் அடிச்சட்டமே அடிப்படை, சுக்கானோ நடுவில்! ஒரே வடிவத்தை எந்நாட்டிலும் விற்கலாமென்பது கணக்கு. ஓட்டுவதற்கு அது வசதிப்படவில்லை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்த வண்டிகளில் சுக்கான் பக்கத்திற்கு நகர்ந்துவிட்டிருந்தது. எஃகுத் தட்டுப்பாட்டால் மேற்கூடு அலுமினியக் கலவையாலாயிற்று. துருப்பிடிக்காத அக்கூடு மழை மிகுந்த மலைக்கு வாய்ப்பாகவே அமைந்தது.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931இல் முடிந்தது. 'போ' தேயிலைத் தோட்டம் 1929இலேயே தொடங்கப்பெற்றது. லேண்ட்ரோவர் பிறக்குமுன்பே கூடை சுமந்து அச்சரிவுகளில் ஏறியிறங்கியவர்கள் தமிழ்த் தொழிலாளர். வண்டியின் பெருமை பேசுவோர் இதனை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

பின்னாளில் இராணுவம் கழித்த வண்டிகள் பல மலையேறி, கொழுந்தும் முட்டைக்கோசும் சுமந்தன. சோலிஹல் ஆலையில் அம்மரபின் கடைசி வண்டி 2016 சனவரி 29இல் வெளிவந்தது. கேமரன் மலைப் பட்டறைகளில் அவற்றைப் பழுதுபார்க்கும் வேலை இன்னும் ஓயவில்லை.