காவற்கூலி: வாலாஜா நவாபும் கும்பினியாரும்

உடுமலைப் பகுதியிலுள்ள கொமரலிங்கத்துக்குக் கிழக்கே பழனி அரைநாள் நடைத் தொலைவில் உள்ளது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையினால் திப்பு சுல்தான் தம் இராஜ்யத்தில் ஏறத்தாழச் செம்பாதியை இழந்தபோது, திண்டுக்கல்லோடு பழனி, விருப்பாட்சிப் பகுதிகள் கும்பினியார் எனப்பட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குக்குப் போயின. அமராவதி பாயும் உடுமலைப் பகுதியோ கோயம்புத்தூர்ச் சீமையைச் சேர்ந்ததாகையால், 1799-இல் திப்பு மாளும்வரை மைசூரோடேயே நின்றது. ஆகவே அவ்வேழாண்டுக் காலம் தென்னிந்தியாவின் இரு பெரும் வல்லரசுகளுக்கிடையே கிடந்த எல்லை, இன்று ஒரே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய இந்த இடைவெளியில்தான் இருந்தது. எல்லைக்கு இருபுறமும் பாளையங்கள். மேற்கே தளி, மெட்ராத்தி, துங்காவி. கிழக்கே பழனி, ஆயக்குடி, விருப்பாட்சி. ஊருக்குக் காவல் செய்வதாகச் சொல்லி ஊராரிடம் காவற்கூலி பெற்று, அதில் ஒரு பகுதியைத் தமக்கு மேலிருந்த அரசுக்குப் பேஷ்கஷ் என்னும் திறையாகக் கட்டிவந்தவர்கள் இப்பாளையக்காரர்கள். மேலிருந்த அரசும் தனக்கு மேலே இன்னொன்றுக்குக் கட்டிவந்தது. வலியதும் எளியதுமாகிய இரண்டு அரசுகள் நட்பு என்ற பெயரில் ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது என்ன நிகழ்கிறது என்பதை ஆராயப் புகுவோர்க்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் தமிழகத்தைக் காட்டிலும் தெளிவான களம் உலகில் அதிகமில்லை என்பது என் கருத்து.

இப்பொருள் குறித்து நம் சரித்திர நூல்களில் இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. வலிய அரசின் பேராசையே எல்லாவற்றுக்கும் மூலம் என்பது ஒன்று. சிறிய அரசரின் ஊதாரித்தனமும் திறமையின்மையும் அவரைக் கெடுத்தன என்பது மற்றொன்று. பின்னதைக் கும்பினி அதிகாரிகளே தங்கள் கடிதங்களில் விடாமல் எழுதி வைத்தார்கள். அதனாலேயே அது நெடுநாள் செல்லுபடியாயிற்று. இரண்டிலும் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் ஆற்காட்டு நவாபின் வரலாற்றை உடன்படிக்கை உடன்படிக்கையாகப் பார்த்துவரும்போது வேறொன்று புலப்படுகிறது: காவலுக்குக் கூலி ரொக்கமாகவும் தவணை தவறாமலும் கொடுக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே எளிய அரசின் முடிவு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது; அம்முடிவை விரைவுபடுத்தியவர்கள், வலிய அரசைக் காட்டிலும், அதன் நிழலில் தொழில் செய்த தனிமனிதர்கள்.

அந்த நவாபான முகம்மது அலி வாலாஜாவின் தந்தை அன்வருத்தீன் 1749-இல் ஆம்பூர்ப் போரில் மாண்டார். மகன் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்கி, பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் எதிர்த்துத் தாக்குப்பிடித்தது ஆங்கிலப் படையின் துணையால். அத்துணைக்கு ஆன செலவைத் தாமே ஏற்பதாக அவர் ஒப்புக்கொண்டதில் புதுமை ஒன்றுமில்லை. எந்த அரசரும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் போர் முடிந்த பிறகும் படை போகவில்லை. கோட்டைகளில் கும்பினிச் சிப்பாய்கள் இருந்தார்கள். சிப்பாய்க்குச் சம்பளம் மாதந்தோறும் தர வேண்டியிருந்தது. நவாபின் வருவாயோ நிலத்திலிருந்து வருவது. சம்பாப் பயிர் தையில்தான் அறுவடையாகும், மழை பொய்த்தால் அதுவும் இல்லை. குத்தகைதாரன் தானியத்தை விற்றுக் காசாக்கிக் கிஸ்தி கட்டுவதற்குள் இன்னும் சில மாதங்கள் ஓடிவிடும். இந்த இடைவெளியை நிரப்ப ஒருவர் கடன் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முன்வந்தவர்கள் சென்னைப் பட்டணத்துச் சௌகார்கள் மட்டுமல்லர். நவாபிடம் படைச்செலவை வசூலிக்க வேண்டிய அதே கும்பினியின் ஊழியர்கள், தங்கள் சொந்தப் பணத்தையும், பிறர் தங்களிடம் நம்பி ஒப்படைத்த பணத்தையும், பல சமயங்களில் வெறும் காகிதத்தையுமே கடனாகக் கொடுத்தார்கள்.

இதன் விசித்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கும்பினி என்னும் ஸ்தாபனத்துக்கு நவாப் கட்ட வேண்டிய தொகையைக் கட்டுவதற்கு, அந்த ஸ்தாபனத்தின் ஊழியரே கடன் கொடுக்கிறார். ஈடாக ஒரு சீமையின் வருவாயை எழுதி வாங்கிக்கொள்கிறார். அந்தச் சீமையின் வருவாய் கைமாறிப் போனதால் அடுத்த தவணைக்குக் கும்பினிக்குக் கட்டப் பணமில்லை, மறுபடி கடன். திருப்பூரில் வெளிநாட்டு பையரின் ஆர்டரை முடித்துக் கொடுப்பதற்காக, அவர் பணம் வந்துசேரும்வரை வெளியில் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுக்கும் சிறு முதலாளிக்கு இது புரியாத கணக்கன்று. ஆனால் வட்டிக்குக் கொடுக்கிறவரே பையரின் குமாஸ்தாவாகவும் இருந்தால் எப்படியிருக்கும் என்று அவரும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

ஆற்காட்டிலிருந்து புறப்பட்டு வந்த நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, ஜார்ஜ் கோட்டையின் பீரங்கி எட்டும் தூரத்திலேயே தம் கடைசிக் காலம்வரை வாழ்ந்தார். அவரைக் கைப்பாவை என்று தள்ளிவிடுவது எளிது; அது பிழை. 1765-இல் டில்லி பாதுஷாவிடமிருந்து ஃபர்மான் பெற்று, ஐதராபாத் நிஜாமுக்குத் தாம் அடங்கியவரல்லர் என்று ஆக்கிக்கொண்டவர் அவர். கும்பினியின் சேனையை அவர் தம் பகையைத் தீர்த்துக்கொள்ளவும் பயன்படுத்தினார். 1773-இல் தஞ்சாவூரின் மராட்டிய அரசர் துளஜாவைப் பிடித்து, அந்த இராஜ்யத்தைத் தமதாக்கிக்கொண்டது ஆங்கிலத் துப்பாக்கிகளைக் கொண்டுதான். எளியவர் வலியவரின் ஆயுதத்தை இரவல் வாங்கித் தம்மினும் எளியவர்மேல் பிரயோகிப்பது இத்தகைய உறவுகளின் நிலையான லக்ஷணங்களுள் ஒன்று. இரவலுக்கும் வாடகை உண்டு என்பதே அதில் மறைந்திருக்கும் தோஷம். தஞ்சையை வென்றதனால் நவாபின் கடன் குறையவில்லை, கூடிற்று.

கூடிய விதம் 1776-இல் அம்பலத்துக்கு வந்தது. துளஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி லண்டன் இயக்குநர்கள் உத்தரவிட்டு, அதை நிறைவேற்றப் பிகட் பிரபுவைச் சென்னைக்குக் கவர்னராக அனுப்பினார்கள். அவர் அவ்வாறே செய்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்பவர் எழுந்தார். கும்பினியில் கீழ்நிலை ஊழியர், சம்பளம் சொற்பம். அவர் கோரியது மொத்தம் 2,34,000 பவுன்: தஞ்சை வருவாயை ஈடாகக் காட்டி நவாபுக்குக் கொடுத்தது 1,62,000 பவுன் என்றும், நிலத்தில் நின்ற பயிரை ஈடாகப் பெற்றுத் தஞ்சைக் குடிகளுக்குக் கொடுத்தது 72,000 பவுன் என்றும் கணக்கு. ஒரு குமாஸ்தா, அரிவாள் படாத நெல்லுக்கு ஒரு நாட்டளவில் உரிமை கொண்டாடினார். அதை ஏற்க மறுத்த பிகட், தம் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினராலேயே 1776 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்தார். வலிய அரசின் கவர்னரையே, எளிய அரசின் கடன்காரர்கள் வீழ்த்திய நிகழ்ச்சி இது. வல்லரசு ஒரே மனமும் ஒரே கையும் உள்ளது என்று கொண்டு எழுதப்படும் ஆய்வுகள் இதை எவ்வாறு விளக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடன்காரர்களின் செல்வாக்கு லண்டன் பார்லிமெண்டு வரை நீண்டது. நவாபின் கடன்களை விசாரணையின்றி ஒப்புக்கொண்டு தவணை போட்டுக் கொடுக்குமாறு 1784-இல் கட்டுப்பாட்டு வாரியம் முடிவு செய்ததும், அதைக் கண்டித்து எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரியில் ஆற்றிய நெடும் பிரசங்கமும் பலரறிந்தவை. பர்க்கின் பிரசங்கம் எதையும் தடுக்கவில்லை.

பிற்பட்ட உடன்படிக்கைகளில் கும்பினி தன் காவற்கூலியை மேலும் இறுக்கிற்று. 1787-இல் ஒன்று, 1792-இல் கார்ன்வாலிஸ் காலத்தில் மற்றொன்று. பின்னதன்படி நவாப் ஆண்டுதோறும் படைக்காக ஒன்பது லட்சம் நட்சத்திர வராகனும், கடன்காரருக்காக ஆறு லட்சத்துக்கு மேலும் தரவேண்டும். அத்துடன், பாளையக்காரர்களின் பேஷ்கஷை நவாபின் பெயரால் கும்பினியே நேரில் வசூலித்து அவர் கணக்கில் வரவு வைக்கும் என்றும் எழுதப்பட்டது. பார்வைக்கு இது வெறும் கணக்குச் சௌகரியம். அதன் விளைவோ, தலைமுறை தலைமுறையாக மழைக்கும் விளைச்சலுக்கும் சமயசந்தர்ப்பத்துக்கும் ஏற்றபடி கூட்டியும் குறைத்தும், காலந்தாழ்த்தியும், சில ஆண்டுகள் கொடுக்காமலேயும் நடந்துவந்த ஓர் உறவு, கலெக்டரின் பேரேட்டில் குறித்த தேதிக்குக் கட்டவேண்டிய பாக்கியாக மாறியது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் 1798-இல் முற்றிய சச்சரவு இந்தப் பாக்கியிலிருந்தே பிறந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் அது முடிந்த விதத்தைத் தமிழர் அறிவர். அவர் யாருடைய கடனுக்காகத் தூக்கிலேறினார் என்று வினவினால், ஒரு கண்ணி சேப்பாக்கத்துக்கும் மற்றொரு கண்ணி லண்டன் வீதிகளுக்கும் போகும்.

1801 ஜூலையில் முகம்மது அலியின் மகன் நவாப் உம்தத்துல் உமரா இறந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அகப்பட்ட கடிதங்களைக் காட்டி, தந்தையும் மகனும் திப்புவோடு இரகசிய உறவு கொண்டிருந்தனர் என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி குற்றஞ்சாட்டினார். அதே மாதம் 31-ஆம் தேதி, அடுத்து நவாபாக்கப்பட்ட அஸீம் உத்தௌலா என்பவர் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு ஜீவனாம்சத்துக்கு நாடு முழுவதையும் எழுதிக்கொடுத்தார். பின்னர்க் கடன்களை விசாரிக்கக் கமிஷன் ஒன்று அமர்ந்து பல்லாண்டுகள் உழைத்தது. மூன்று கோடி பவுனைத் தாண்டிய கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூட மெய்யென்று தேறவில்லை. நாட்டை விழுங்கிய கடனில் பெரும்பகுதி கடனே அன்று.

இதற்கு எதிர்முகமாகப் புதுக்கோட்டை நிற்கிறது. அதை ஆண்ட தொண்டைமான்கள் கும்பினியை விட்டு ஒருநாளும் விலகியதில்லை. திருச்சி முற்றுகைக்காலத்தில் தானியம் அனுப்பினார்கள், மைசூர் ஐதர் அலிக்கு எதிராக ஆள் அனுப்பினார்கள், தம் எல்லைக்குள் அகப்பட்ட கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தார்கள். தேசபக்தியின் அளவுகோலால் இதை எவ்வாறு தீர்ப்பது என்பது வேறு விஷயம். இவ்வாராய்ச்சிக்கு வேண்டியது, அவர்கள் கூலியை எதில் கொடுத்தார்கள் என்பதே. நெல்லிலும் ஆளிலும் வழிகாட்டலிலும் கொடுத்தார்கள், ரொக்கத்தில் அன்று. பிரதிபலனாகக் கீழாநிலைக் கோட்டையும் சுற்றுப்பகுதியும் அவர்களுக்குக் கிடைத்தபோது, ஆண்டுக்கு ஒரு யானை திறை என்பது நிபந்தனை. அந்த யானையை யாரும் கேட்கவில்லை. 1836-இல் முறைப்படியே அது தள்ளுபடியாயிற்று. தொகையாக எழுதப்படாத திறைக்கு வட்டி ஏறாது. பாக்கி என்று சொல்லிப் படை அனுப்பவும் ஒருவருக்கும் வழியில்லை. புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணையும்வரை தனி இராஜ்யமாக நீடித்தது.

திருவிதாங்கூர் என் வாதத்துக்குச் சற்று இடைஞ்சலானது. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அதுவும் ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ரொக்கம் கட்டக் கடமைப்பட்டது, பாக்கி விழுந்தது, ரெஸிடென்ட் மெக்காலேயின் நெருக்குதல் தாங்காமல் வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் குண்டறையில் அறைகூவல் விடுத்து, அதே ஆண்டு உயிரையும் விட்டார். ஆயினும் இராஜ்யம் அழியவில்லை. மார்த்தாண்டவர்மர் காலந்தொட்டு மிளகு வாணிகம் அரசின் ஏகபோகமாக இருந்ததனால் நிலவரியைத் தவிர வேறொரு காசு அரசரின் கையில் புழங்கிற்று என்பதும், பென்ஃபீல்டைப் போன்ற தனிமனிதரின் கடன் பட்டாளம் அங்கே வேரூன்றவில்லை என்பதும் காரணங்களாகலாம். ரொக்கக் கூலி மட்டுமே ஓர் அரசைக் கொல்லப் போதாது. அதற்கும் அரசுக்கும் நடுவே கடன்காரன் நுழைவதும் வேண்டும் என்று என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன்.

இன்றும் இக்கணக்கில் கடன்காரன் கண்ணுக்குப் படுவதில்லை. இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் சீனக் கம்பெனிக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விட்டபோது, கடனுக்கு ஈடாக நிலம் பறிபோயிற்று என்று நம் பத்திரிகைகள் பலவும் எழுதின. கிடைத்த 112 கோடி டாலர் அந்தத் துறைமுகக் கடனை அழிக்கவில்லை. தேசத்தின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் போய்ச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோது, கடன்காரர் வரிசையில் பீஜிங்கும் டில்லியும் டோக்கியோவும் இருந்தது மெய். ஆயினும் மிகப் பெரிய ஒற்றைப் பகுதி, சர்வதேசச் சந்தையில் விற்கப்பட்ட பத்திரங்களை வாங்கியிருந்த தனியார் நிதி நிறுவனங்களுடையது. சீனாவா இந்தியாவா என்ற விவாதத்தில் அப்பத்திரங்களைப் பற்றிப் பேசியவர் சிலரே. பென்ஃபீல்டின் பெயரும் அவர் காலத்துச் சென்னையில் உடன்படிக்கைகள் எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.