சும்மா ஆட விடுவது

1851இல் பிரஷ்ய அரசு ஃப்ரோபெலின் குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தது. நாலு வயசுப் பிள்ளைகள் பந்தும் மரக்கட்டையும் வைத்து ஆடியதில் அதற்கு நாத்திகமும் சோஷலிசமும் தென்பட்டன. சிரிக்கலாம். ஆனால் விளையாட்டு அரசியலற்ற சங்கதி அல்ல என்பது நம் முற்போக்காளர்களைவிட அந்த அதிகாரிகளுக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது.

நம் நாட்டில் தடை எதுவும் தேவைப்படவில்லை. 1939இல் அடையாறு வந்த மாண்டிசோரி, கடைசியில் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையாகிப் போனார். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் வேறு வழி பிடித்தார். 1945இல் போர்டியில், பள்ளிக்கு வராத சேரிப் பிள்ளைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். கூழாங்கல், விதை, இலைதான் சாதனம். அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ‘அங்கன்வாடி’ என்ற பெயரை எடுத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிட்டது. அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. நடைமுறையில் எடையும் ஊசியும் பதிவேடும் முந்திக்கொண்டன. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. பசித்த பிள்ளைக்குச் சோறுதான் முதலில்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அரசின் சொல்லாடலில் ஏழைப் பிள்ளை வெறும் வயிறாகவே கட்டமைக்கப்பட்டது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதன் இழப்பு இன்னும் அதிகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடுத்தடுத்த வீடுகளில் புழங்கும் ஊர். வீட்டில் கன்னடம் பேசும் மூணு வயசுப் பிள்ளைக்கு மையத்துத் தமிழ்ப் பாட்டு பிடிபடாது. அக்கா மடியிலிருந்து பார்க்கும் பல்லாங்குழி பிடிபடும். கன்னடத்தில் அளகுளி மணெ, தெலுங்கில் வாமன குண்டலு. பேர் மூணு, குழி பதினாலுதான். ஒவ்வொன்றாக இடுவது, காலிக் குழியைத் தொட்டு அடுத்ததை அள்ளுவது, எதிராளியிடம் எத்தனை என்று மனசுக்குள் எண்ணுவது. பாண்டியாட்டமும் அப்படித்தான்: அங்கே குண்டெபில்லெ, இங்கே தொக்குடுபில்ல. 1956இன் எல்லைக்கோட்டுக்கு முந்திய பாடத்திட்டம் இது.

ஓசூர் கம்பெனி வேனுக்குக் காத்திருந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “அங்க சும்மா ஆட விட்றாங்க சார். எழுத்து ஒண்ணும் வரல.” பிள்ளையைக் கடன் வாங்கி எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தார். ஆங்கில மோகம் என்று அவரைத் திட்டுவது நம்மைப் போன்றவர்களுக்கு லேசு. அவர் சொன்னது பாதி உண்மை. ஆட விடுவது வேறு, ஆட்டத்தில் கூட உட்கார்வது வேறு. சமையல், எடை, கணக்கு என்று ஓடும் ஊழியருக்கு உட்கார நேரம் எங்கே? 2019இல் அரசே 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது பென்சிலுக்குத்தான் அங்கீகாரம் கிடைத்தது.

நான் பேசிய ஊழியருக்கு மூணு பாஷையும் வரும். அளகுளி மணெயும் ஆடத் தெரியும். புளியங்கொட்டைக்கும் அங்கே பஞ்சமில்லை. 2021க்குப் பிறகு பதிவேடு செல்போனுக்குள் போய்விட்டது. “கொழந்த என்ன எட, என்ன ஒயரம், எல்லாம் இதுல ஏத்தணும் சார்,” என்று காட்டினார். சிக்னல் கிடைக்காமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.