சிறு இயந்திரத்தின் மூச்சு

மோட்டார் இயந்திரத்தின் உணவு பெற்றோல் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது உட்கொள்வதிற் பெரும்பங்கு காற்றேயாம். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பெற்றோலைக் கூடுதலாக ஊட்டுவது எளிது. காற்றைக் கூடுதலாகப் புகுத்துவதே அரிது. 1 லீற்றர் கொள்ளளவுள்ள நான்கடிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது, குறைவின்றி மூச்சு வாங்குமாயின், அந்த ஒரு நிமிடத்தில் 3,000 லீற்றர் காற்றை உள்ளிழுத்தல் வேண்டும். அதற்கென வால்வு ஒவ்வொரு முறையும் திறந்திருக்கும் நேரமோ நூற்றிலொரு விநாடிக்கும் குறைவு.

இந்த உண்மையை ஊகத்தால் அன்றி அளவையால் ஆராய முற்பட்டோருள் முதன்மையானவர் ஹரி வெஸ்லேக் என்னும் ஆங்கிலேயர். 1897இல் எக்செற்றர் நகரிற் பிறந்த இவர், பின்னாளில் சசெக்ஸ் மாவட்டத்து றை என்னும் சிற்றூரில் தமது ஆய்வுக்கூடத்தை அமைத்தார். இயந்திரத்தின் தலைப்பகுதியினூடே காற்றைச் செலுத்தி, வால்வு எவ்வளவு உயர்ந்தால் எவ்வளவு காற்றுப் பாய்கின்றது என்று அளந்து பார்த்தார். வழி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு நன்று என்பதே அக்கால மெக்கானிக்குகளின் எண்ணம். அளவையோ வேறு கதை சொல்லியது. காற்று திரும்பும் வளைவின் வடிவமும், வால்வின் இருக்கையை அடுத்த பகுதியுமே பெரிதும் தீர்மானிப்பவை. வழியை மிதமிஞ்சி அகட்டினால் காற்றின் வேகம் தளர்ந்து, குறைந்த சுழற்சியில் இயந்திரம் சோர்ந்துவிடும். அரத்தைக் கையிலெடுத்துத் தம் வண்டியைத் தாமே கெடுத்துக்கொண்டவர்கள் அன்றும் பலர், இன்றும் பலர்.

1951இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-30 என்னும் சிறு காரின் இயந்திரத்துக்கு இருதய வடிவான எரியறையை வகுத்தவர் வெஸ்லேக். 803 கன சென்ரிமீற்றர், 28 பரிவலு. இலங்கையின் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரின் வயிற்றிலும் 1952 முதல் இதே இயந்திரக் குலமே இடம்பெற்றது. ஆயினும் அதற்கு ஒரு பிறவிக் குறை இருந்தது. நான்கு உருளைகளுக்கு எட்டு வாயில்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தே இருந்தன. உட்செல்லும் வழிகள் இரண்டு. வெளியேறும் வழிகள் மூன்று. இரண்டு உருளைகள் ஒரே வழியாற் காற்றை உறிஞ்சும்போது, ஒன்றின் பங்கை மற்றொன்று பறித்துக்கொள்ளும். ஒரே பாயில் இருவர் படுத்த கதைதான்.

1956ஆம் ஆண்டின் சூயெஸ் நெருக்கடியிற் பெற்றோல் அருகியபோது, அலெக் இசிகோனிஸ் என்பவர் சிக்கனமான மினி காரை வகுக்கத் தொடங்கினார். முதல் மாதிரிகள் வேண்டியதற்கு மேல் வேகமாய் ஓடின என்று இயந்திரத்தை 948இலிருந்து 848 கன சென்ரிமீற்றராகக் குறைத்தனர். 1959இல் அது 34 பரிவலுவுடன் விற்பனைக்கு வந்தது. பந்தயக் கார் அமைப்பாளரான ஜோன் கூப்பருக்கு அது போதவில்லை. அவரது வற்புறுத்தலால் 1961இற் பிறந்த மினி கூப்பரில் 997 கன சென்ரிமீற்றர், இரண்டு காபுரேற்றர், பெரிய வால்வு, 55 பரிவலு. கொள்ளளவு ஆறிலொரு பங்கு கூடிற்று. வலுவோ பாதிக்கு மேற் கூடிற்று. எஞ்சிய இலாபத்திற் பெரும்பகுதி மூச்சினால் வந்தது.

வில்ற்ஷயர் மாவட்டத்து டவுன்ரன் கிராமத்தில் டானியல் றிச்மண்ட் என்பவர் இத்தலைப்பகுதிகளைச் செதுக்குவதிற் பேர்பெற்றிருந்தார். உற்பத்தி நிறுவனமே அவரது ஆலோசனையை நாடியது. 1963இல் வந்த கூப்பர் எஸ் 1071 கன சென்ரிமீற்றரில் 70 பரிவலு தந்தது. அடுத்த ஜனவரியில் பாடி ஹொப்கேர்க் அதைச் செலுத்தி மொன்ரே கார்லோ ஓட்டத்தில் வென்றார். இரண்டாவதாக வந்தது 4.7 லீற்றர் போர்ட் பல்கன். சிறு இயந்திரங்களுக்குச் சலுகை தந்த புள்ளிக்கணக்கும் துணைநின்றது என்பதை மறைத்தல் ஆகாது. எனினும் அக்குன்றுப் பாதைகளில் அவ்வேகத்தை வேறெந்தச் சிறு காரும் காட்டவில்லை. 1965இலும் 1967இலும் வெற்றி மீண்டும் மினிக்கே.

1980இல் பின்கதவு மேலே திறக்கும் மெற்றோ கார் வந்தபோதும் அதன் கீழ் இருந்தது இந்தப் பழைய இயந்திரமே. 1982இன் எம்.ஜி. மெற்றோ 1275 கன சென்ரிமீற்றரில் 72 பரிவலு கொண்டது. அதே ஆண்டில் வந்த ரேர்போ வகை, வெளியேறும் புகையின் விசையாற் காற்றை வலிந்து புகுத்தி 93 பரிவலு பெற்றது. 2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் லோங்பிறிஜ் ஆலையிலிருந்து கடைசிப் பழைய மினி வெளிவந்தது. அதற்குள் காபுரேற்றர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் எரிபொருட் பீச்சிகள் வந்திருந்தன. நான்கு உருளைகளுக்கு அவை இரண்டே பொருத்தப்பட்டன. உள்வழிகள் அப்போதும் இரண்டாகவே இருந்தன.