தூண் சொல்லாத கணக்கு

சென்னையில் பீச், மால் தவிர பார்க்க என்ன இருக்குன்னு கேட்பவர்களிடம் நான் சொல்லும் இடம், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகம். 1792-ல் அங்கே எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் நினைவாக ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. சுமார் 10 டன். தொலைநோக்கியைத் தாங்கிய தூண். இந்திய ரயில்கள் பல வருஷம் ஓடியது இந்த இடத்து நேரப்படிதான், அது தனிக்கதை.

தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு. ஆயிரம் வருஷம் கழித்து வருபவர்களுக்கு அது சொல்லும் சேதி: ஆசியாவில் கணித அறிவியலை முதலில் ஊன்றியது பிரிட்டிஷாரின் தாராள மனசு. அதைத் தமிழிலேயே வெட்டி வெச்ச தைரியத்தைப் பாருங்க!

இதே வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஜான் வாரன், பின்னாளில் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே 1825-ஆம் வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை சில நிமிடங்கள்தான். முடிவு நேரத்தில்தான் கூடுதலாகத் தவறியது. வாக்கியம் என்பது எழுத்துக்குள் ஒளித்த எண். நாங்க லுக்கப் டேபிள்னு சொல்றோமே, அதேதான். அவர் அதைத் தலையிலேயே வெச்சிருந்தார்.

வாரன் இதைத் தன் 'கால சங்கலித' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தூணைப் பார்க்கப் போறவங்க முதல்ல அந்தப் பக்கங்களைப் படிச்சுட்டுப் போங்க.