ரயில் பெட்டித் திண்ணை பிறந்த கதை

"கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க சார்."

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் புறப்படும் மின்சார ரயில்களில் பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. மூவர் பெஞ்சில் நான்காமவர் ஒண்டிக்கொண்டதும் "எங்க இறங்குவீங்க?" என்ற கேள்வி வரும். பேசின் பிரிட்ஜைத் தாண்டும்போது வெங்காய விலை அலசப்பட்டிருக்கும். கொருக்குப்பேட்டையில் வண்டி சிக்னலுக்கு நின்றால் அரசியலும் வந்துவிடும். எண்ணூர் வருவதற்குள் ஒருவர் தன் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற கவலையைச் சொல்லியிருப்பார்; எதிரில் இருப்பவர் யோசனையும் தந்திருப்பார். இருவருக்கும் மற்றவரின் பெயர் தெரியாது. முன்பின் அறியாதவரிடம் அன்றாட வாழ்க்கையை இவ்வளவு இயல்பாக எடுத்துவைக்கும் இந்தப் பழக்கம் எப்படிப் பிறந்தது?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது. அன்றே இன்னொரு வண்டி திருவள்ளூர் வரை ஓடியது. நம் வட்டார மக்கள் ஒரே கூரையின் கீழ் அடுத்தவர் தோளில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டிய நிலை அன்று தொடங்கியது. அதுவரை ஊர்த்திண்ணையில் யார் அமரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. ரயில்வே கம்பெனியோ கட்டணத்தை வைத்து வகுப்புகளைப் பிரித்தது. மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிய எவரும் மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்காரலாம். ஏழைகளை நெருக்கியடித்து ஏற்றிய பெட்டிதான். ஆனாலும் எந்தத் தெருக்காரர் என்று கேட்காமல் இடம் கொடுத்த திண்ணை இந்தப் பக்கத்தில் அதற்கு முன் அரிது.

ஆனால் அன்றைய பயணம் எப்போதாவது ஒரு முறை நடப்பது. அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் முழுக்குப் போட வருபவர்கள், கல்யாணம், கருமாதிக்குப் போகிறவர்கள், சந்தைக்குச் சரக்கெடுத்துச் செல்பவர்கள். இன்று பேசியவரை மறுபடி பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. பேச்சு வளர வேண்டுமானால் அதே முகங்கள் அதே நேரத்தில் வர வேண்டும். அதைத் தொழிற்சாலைகள் கொண்டுவந்தன.

வடக்குத் தடத்தில் 1940-களின் கடைசியில் எண்ணூரில் மோட்டார் வாகனத் தயாரிப்பு தொடங்கியது. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையும், 1950-களில் மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கின. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது. மேற்குத் தடத்தில் 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலை தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் ஆவடி டேங்க் ஃபேக்டரியும் அம்பத்தூர் எஸ்டேட்டும் எழுந்தன. ஷிப்ட் நேரம் பயண நேரத்தை முடிவு செய்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே வண்டியைப் பிடித்தாக வேண்டும். ஃபேக்டரி வாசலுக்கு அருகில் நிற்கும் பெட்டியிலேயே ஏறியாக வேண்டும். இப்படி ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்காத மனிதர்கள் வருடக்கணக்கில் எதிரெதிரே அமர்ந்தார்கள்.

1979-இல் கும்மிடிப்பூண்டித் தடமும் அதே ஆண்டில் திருவள்ளூர்த் தடமும் மின்மயமாயின. இரண்டு ஊர்களும் சென்ட்ரலிலிருந்து நாற்பது முதல் ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும் பயணம். ஒரு கதையைச் சொல்லி முடித்து, அதற்கு ஒரு மறுப்பும் கேட்கப் போதுமான நேரம். மாதச் சீசன் டிக்கெட்டுக்குச் சுமார் பதினைந்து நடைக்கான கட்டணம் போதும் என்பதால் கூலித் தொழிலாளிக்கும் அந்த இடம் எட்டியது. எதிரெதிர் பெஞ்சு, ஒரு மணி நேரம், மலிவான சீசன் டிக்கெட், மாறாத ஷிப்ட் ஆகிய நான்கும் கூடிய இடத்தில் பேச்சு பிறந்தது.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் வந்த பிறகு போக்கும் மாறியது. அதற்கு முன் காலையில் கூட்டம் நகரத்தை நோக்கிப் போனது. இப்போது வடசென்னைக்காரர்கள் காலையில் வடக்கே வேலைக்குப் போக, பொன்னேரி, மீஞ்சூர்க்காரர்கள் தெற்கே வருகிறார்கள். சூளூர்ப்பேட்டை, தடா பக்கத்துத் தெலுங்கு கலந்தது. கும்மிடிப்பூண்டி முகாமில் பல்லாண்டுகளாக வாழும் ஈழத்தமிழர்களின் தமிழும் கலந்தது. "இன்னா சார், இன்னிக்கி லேட்டு?" என்ற கேள்விக்கு ஆந்திர எல்லைத் தமிழில் பதில் வருவதை இங்கே சாதாரணமாகக் கேட்கலாம்.

ஐரோப்பாவில் ரயில் வேறொரு பழக்கத்தை உருவாக்கியது. பேருந்தும் ரயிலும் டிராமும் வருவதற்கு முன்பு, மனிதர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் மணிக்கணக்கில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்ததே இல்லை என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அங்கே பயணிகள் புத்தகத்துக்குள் முகம் புதைத்தார்கள். லண்டன் யூஸ்டன் நிலையத்தில் 1848-இலேயே புத்தகக் கடை வந்துவிட்டது. அதே சிம்மல் 1908-இல் இன்னொன்றும் சொன்னார்: நெருங்கியவர்களிடம் மறைப்பதையும் அந்நியரிடம் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

அது எவ்வளவு உண்மை என்பதைப் பெண்கள் பெட்டியில் பார்க்கலாம். கீரை ஆய்ந்துகொண்டும் பூக்கட்டிக்கொண்டும் பேசும் பெண்கள், சொந்தத் தெருவில் வாய் திறக்காத விஷயங்களை இங்கே சொல்கிறார்கள். மாமியார் வீட்டுச் சங்கடம், கணவரின் குடி, மகளின் காதல். கேட்பவர் அனுப்பம்பட்டில் இறங்கிவிடுவார். அந்தச் சொல் தெருவுக்குத் திரும்பி வராது. "விடுக்கா, எங்க வூட்லயும் இதே கததான்" என்ற ஒரு வரி அன்றைய பாரத்தில் பாதியை இறக்கிவிடும்.

இந்தப் பேச்சுக்கு யாரும் எழுதாத சட்டங்கள் உண்டு. பெயர் கடைசியில்தான் வரும், வராமலேயும் போகலாம். மீஞ்சூர் அண்ணே, கவரப்பேட்டை அக்கா, வேப்பம்பட்டு சார் என்று இறங்கும் ஊரே பெயராகிவிடும். கருத்து மோதலாம், ஆனால் நாளைக் காலையும் இதே முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் சொல்லை அளந்து பேசுவார்கள். எதிர்க்கட்சிக்காரரிடம் நாகரிகமாக வாதாட இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

இதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குபவர்கள் அதில் நடமாடும் அறிவைக் கவனிப்பதில்லை. கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பையனிடம் மூத்த தொழிலாளி "பி.எஃப். பிடிக்கிறாங்களா? யூ.ஏ.என். நம்பர் கேட்டு வாங்கு தம்பி" என்பார். திருநின்றவூர்ப் பக்கம் மனை வாங்க நினைப்பவரிடம் "அப்ரூவல் பாத்தீங்களா? மழையில தண்ணி நிக்குமான்னு ஒருவாட்டி வந்து பாருங்க" என்பார் அங்கேயே குடியிருப்பவர். எந்த ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்ற விவரமெல்லாம் இந்தப் பெஞ்சில் இலவசம். பல ஊர்களிலிருந்து வந்து, பக்கத்து வீட்டாரைக்கூட அறியாமல் புதிய மனைப்பிரிவுகளில் குடியேறிய மக்களுக்கு ஊர் என்ற உணர்வைத் தந்தது இந்தப் பேச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது காதில் ஒலிக்கருவி மாட்டிய முகங்கள் கூடியிருக்கின்றன. எதிரில் இருப்பவர் பேச விரும்பமாட்டார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர்கள் ரயில், பேருந்துப் பயணிகளிடம் சோதனை செய்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்நியரோடு பேசினால் பயணம் கசக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. இங்கே அது பல தலைமுறை அனுபவம்.

சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசா, வங்காள இளைஞர்கள் இன்று இதே வண்டிகளில் கதவோரம் நிற்கிறார்கள். அவர்களோடு நம் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. 1950-களில் பல ஜில்லாக்களிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய தொழிலாளிகளும் இங்கே அந்நியர்களாகத்தான் இருந்தார்கள். யாரோ ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்ததால் இந்த ஊர்க்காரர்கள் ஆனார்கள். அந்த இளைஞர்களுக்கும் அதே கடன் நமக்கு இருக்கிறது. புதிய பெட்டிகளை வடிவமைப்பவர்கள் எதிரெதிர் பெஞ்சுகளைக் காப்பாற்றட்டும். அதில் உட்காருகிற நாம் முதல் கேள்வியைக் கேட்போம். தமிழ் தெரியாத ஒருவருக்கு முதலில் கற்றுத்தர "எங்க இறங்குவீங்க?" என்பதைவிட நல்ல வாக்கியம் இந்தத் தடத்தில் இல்லை.