கோடை விடுமுறையும் வீட்டுக் கணக்கும்

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் நம் வயதுக்காரர்கள் வாயில் தவறாமல் வரும் ஒரு பேச்சு உண்டு. “எங்க காலத்துல ஏழெட்டுப் பிள்ளைகளை வச்சுக்கிட்டுச் சமாளிச்சோம். இப்ப ரெண்டை வச்சுக்கிட்டு இந்தப் பாடு படுறாங்களே!” கேட்டுக்கொண்டிருக்கும் மகளோ மருமகளோ பதில் சொல்வதில்லை. அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில், இந்த நீண்ட கோடை விடுமுறையே நமக்கு அவ்வளவு பழையது அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி, பிறகு பண்டிகை நாட்கள் என்று விட்டுவிட்டுத்தான் விடுமுறை. வெள்ளைக்காரர் ஆட்சியில் வெயில் ஏறினால் மதராஸ் மாகாண அரசே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடும். நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை உண்டு. அவர்கள் நடத்திய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அதே பழக்கம் நிலைத்தது. ஆண்டவர்களுக்கு மலை இருந்தது. நம் அம்மாக்களுக்கு அடுப்படிதான் இருந்தது.

நான் வளர்ந்தது 1960-களின் மதுரையில், வைகைக்குப் பக்கத்தில் ஒரு தெருவில். அப்பா ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேர். அப்பத்தாவும், கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தையும் உண்டு. பரீட்சை முடியும் நேரமும் சித்திரைத் திருவிழாவும் ஒட்டி வரும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், “பிள்ளைகளுக்கு லீவுதானே” என்று பத்து நாள் தங்கிவிட்டுத்தான் போவார்கள். பந்தியில் பதினைந்து இலைக்குக் குறையாது.

அதை எப்படிச் சமாளித்தார்கள்? முதல் காரணம், கைகள் அதிகம். அம்மா, அப்பத்தா, அத்தை, வந்த சித்திகள் என்று அடுப்படியில் எப்போதும் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருத்தி ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். இரண்டாவது, ஆளுக்கொரு சமையல் என்ற பேச்சே கிடையாது. காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். மதியம் ஒரு குழம்பு, ஒரு பொரியல். ராத்திரி மிஞ்சிய சோற்றைப் பெரிய சட்டியில் பிசைந்து அப்பத்தா உருட்டிக் கையில் போடுவாள். பிடிக்கவில்லை என்று சொன்ன பிள்ளைக்கு அடுத்த உருண்டை பக்கத்துக் கைக்குப் போய்விடும்.

மூன்றாவது, பிள்ளைகளும் வேலை செய்தார்கள். வருடத்துக்கு வேண்டிய புளி, மிளகாய், பருப்பு எல்லாம் வாங்கி வைப்பது பங்குனி, சித்திரையில்தான். புளியில் கொட்டை எடுப்பது எங்கள் வேலை. எடுத்த கொட்டையை வைத்து ஒத்தையா ரெட்டையா விளையாடுவோம். மொட்டை மாடியில் வடகம் காயும்போது காக்காய் விரட்டக் குச்சியோடு ஒருவன் உட்கார வேண்டும். மதியம் ஒன்று முதல் மூன்று வரை வீட்டுக்குள் சத்தம் கூடாது. திண்ணையில் தாயம் ஆடலாம். அந்த இரண்டு மணி நேரம்தான் அம்மா தரையில் தலை சாய்த்த நேரம். சாயங்காலம் ஆனால் எங்களைத் தெரு பார்த்துக்கொண்டது. எந்த வீட்டு வாசலில் விழுந்தாலும் அந்த வீட்டு அம்மா தூக்கி விடுவாள், கூடவே ஒரு அதட்டலும் கிடைக்கும்.

இதுவரை கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கணக்கின் அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்தாண்டின் நடுவில் அரிசிக்கே பஞ்சம். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரம் ஒரு வேளை, திங்கள் இரவு, சாப்பாட்டை விடச் சொன்னார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் கோதுமை வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது பெரிய முழக்கம். அதன் பிறகு சென்னையிலும் கோவையிலும் படியரிசித் திட்டம் தொடங்கியது. அந்த வருடங்களில் வரும் விருந்தாளிக்கு எங்கள் ரேஷன் கார்டில் பெயர் கிடையாது. அதனால் சித்தப்பா வரும்போதே ஒரு துணிப்பையில் அரிசி கொண்டுவருவார். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அப்பத்தா பேசாமல் வாங்கிப் பானையில் கொட்டுவாள்.

அதுவும் இல்லாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. காமராஜர் ஆட்சியில் 1956-இல் வந்த மதிய உணவுத் திட்டத்தால் பள்ளியில் ஒரு வேளை சோறு நிச்சயம் என்று தட்டோடு போன பிள்ளைகள் அவர்கள். பள்ளி மூடினால் அந்தச் சோறும் நின்றது. மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்கு நாள் எண்ணினார்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளி திறக்கும் நாளை எண்ணினார்கள்.

எங்கள் வீட்டிலும் விடுமுறை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பையன்களாகிய எங்களுக்குக் காக்காய் விரட்டினால் வேலை முடிந்தது. பன்னிரண்டு வயது அக்காவுக்குக் குழாயடியில் வரிசை, தம்பியைக் குளிப்பாட்டுவது, பாத்திரம் தேய்ப்பது. அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவாள். அழகரைப் பார்க்க வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டாளே தவிர, பல வருடம் அவள் அழகரைப் பார்க்கப் போனதில்லை. மே மாதம் மளிகைக் கடை நோட்டில் எழுதியது ஜூன் மாதம் கடனாக வந்து நிற்கும். கூடவே பள்ளிச் சம்பளம், நோட்டு, சீருடை. அம்மாவின் வளையல் ஜூனில் அடகுக் கடைக்குப் போய், தீபாவளி போனஸ் வந்த பிறகு திரும்பும். “சமாளித்தோம்” என்று நாம் சொல்லும்போது அந்த வளையலையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போதைய வீட்டைப் பாருங்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான். பிள்ளைகள் குறைந்தது போலவே கைகளும் குறைந்துவிட்டன. அத்தை இல்லை, சித்தி வேறு ஊரில், திண்ணை இடிந்து கார் நிற்கும் இடமாகிவிட்டது, தெருவில் பிள்ளையை விட முடியாது. அம்மாவுக்குக் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் வேறு. ஆண்கள் பங்கு கூடியதா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்களில் வீட்டு வேலையைத் தொடுகிறவர்களே நாலில் ஒருவர்தான், அவர்களும் 97 நிமிடம். ஆக, அன்று ஐந்து பெண்கள் சேர்ந்து இழுத்த வண்டியை இன்று ஒருத்தி தனியாக இழுக்கிறாள். வண்டியில் ஆள் குறைவு என்று அவளிடம் சொல்வதில் நியாயம் இல்லை.

பழைய வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள நல்லவையும் இருக்கின்றன. வேளைக்கு ஒரே சமையல் போதும். வீடு மே மாதம் முழுக்கப் பளிச்சென்று இருக்க வேண்டாம். மதியம் இரண்டு மணி நேரம் சத்தமில்லாத நேரம் என்று ஒரு சட்டம் நல்லது. பிள்ளைகளுக்கு நிஜமான வேலை கொடுக்கலாம். பேத்திக்கு என்ன வேலையோ பேரனுக்கும் அதே வேலை. ஜூன் மாதச் செலவை ஏப்ரலிலேயே எழுதி வைத்துவிட்டால் மே மாதக் கை கொஞ்சம் அடங்கும்.

குறைந்துபோன கைகளுக்குப் பதில் நம்மிடம்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற நமக்கு வருடம் முழுக்க விடுமுறை. எங்கள் வீட்டில் இந்தக் கோடைக்குப் பேரன் பேத்தியின் காலைச் சாப்பாடு, பதினோரு மணி மோர், சாயங்காலப் பூங்கா மூன்றும் என் பொறுப்பு. வெங்காயம் பொடியாக அரிய இப்போதுதான் கை பழகி வருகிறது. உங்கள் வீட்டில் எது உங்கள் பங்கு என்று மருமகளிடம் கேட்டுப் பாருங்கள். நிச்சயம் ஏதாவது மிச்சம் வைத்திருப்பாள்.